ஆளுக்குப் பாதி

ஜூன் 2, திங்கள்

ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரே கேள்வி: காலையில் எழுந்தபின் மூட்டு இறுக்கம் விட எத்தனை நிமிடம் ஆனது? கட்டத்தில் எண்ணைப் போட வேண்டும். கீழே எழுத ஒரே ஒரு வரி. ஒரு வரியில் அடங்குகிற வாயா என்னுடையது? பாலிடெக்னிக்கில் பாதியில் விட்ட ரெக்கார்டு நோட்டு பரணில் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். முன்பாதியில் மோட்டார் படம். பின்பாதியில் நான்.

இசக்கியம்மாள். வயது இருபத்திரண்டு. வீடு வி.எம். சத்திரம். இரண்டு வருடமாக முடக்குவாதம். ‘வயசானவங்களுக்கு வர்றது ஒனக்கு ஏன் வந்துச்சு’ என்று கேட்பவர்களுக்கு: அது வயது பார்த்து வருவதில்லை, நீங்களும் ஜாக்கிரதை. பாலிடெக்னிக்கை விட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. போரடித்தது, விட்டேன்.

செண்பகவல்லி டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு விளக்கினார். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனுக்குக் கிறுக்குப் பிடித்து வீட்டுக்காரனையே அடிக்கிறானாம். அந்த அடிபட்ட வீக்கம்தான் இது. நான் ஞாயிறுதோறும் விழுங்குகிற மாத்திரை முதலில் புற்றுநோய்க்காக வந்தது. தினம் விழுங்குவது மலேரியாவுக்காக வந்தது. இப்போது மூன்றாவதாக, குடல் பூச்சிக்குக் காலங்காலமாகக் கொடுத்துவருகிற மாத்திரை ஒன்று இந்த வீக்கத்தையும் அடக்குமா என்று பார்க்கப்போகிறார்கள். பெயர் என் வாய்க்குள் நுழையவில்லை. பூச்சி மாத்திரை என்றே வைத்துக்கொள்கிறேன்.

“அப்ப எனக்கு எல்லாமே செகண்ட் ஹேண்டா டாக்டர்?”

“செகண்ட் ஹேண்ட் வண்டின்னா என்ன, ஓடினா போதாதா?” என்றார். “புது மருந்து ஒண்ணு வர வருஷக்கணக்காகும். வந்தாலும் அந்த ஊசி விலை உன்னால தாங்க முடியாது. இது அஞ்சுக்கும் பத்துக்கும் கிடைக்கிறது. என்ன தொந்தரவு தரும்னு முன்னமே தெரியும். இதுக்குக் கேக்குமான்னு மட்டும்தான் தெரியணும்.”

பன்னிரண்டு வாரம். பழைய மாத்திரைகளை நிறுத்தக்கூடாது. அதோடு தினம் வெள்ளை மாத்திரை ஒன்று. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு அதே அச்சில் செய்த வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. மாத்திரை டப்பாவைக் கொடுத்த நயினார் சாரிடம் நைசாகக் கேட்டேன்.

“எனக்கும் தெரியாதும்மா. சென்னையில ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். எல்லாம் முடிஞ்ச பெறவு அது வாயத் தெறக்கும். டப்பாவ யாருக்கும் குடுக்கக்கூடாது. யார்ட்டயும் வாங்கவும் கூடாது.”

“பங்கு போட அது என்ன மாங்காயா?” என்றேன். சிரித்தார்.

வெளியே பெஞ்சில் பக்கத்தில் இருந்த அக்கா தண்ணீர் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும், வில் மாதிரிப் புருவம். வாங்கி நானும் திருகினேன். ம்ஹும். அவள் மறுபடி. நான் மறுபடி.

“ஏட்டி, ரெண்டு பேரு, நாலு கை, ஒரு மூடியத் தெறக்க முடியல. நம்மள வச்சு இவ்வொ மருந்து கண்டுபிடிக்கப் போறாவளாம்!” என்று அவள் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேனே வந்து திறந்து கொடுத்துவிட்டுப் போனார்.

டெய்சிராணி. சமாதானபுரத்தில் டெய்சி பியூட்டி பார்லர். அவளுக்கும் முடக்குவாதம். அவளுக்கும் இன்றைக்குத்தான் டப்பா.

ஜூன் 3, செவ்வாய்

கட்டத்தில் போட்டது: 90.

இட்லிச் சட்டி மூடியைக் கீழே போட்டு அம்மையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இதெல்லாம் நோயில் சேராது.

ஜூன் 5, வியாழன்

90. மாவா மருந்தா என்று மாத்திரையை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசப்பு. நிஜம்! குதித்தேன். பிறகுதான் தோன்றியது, மாவைக் கசப்பாக்க அவர்களுக்குத் தெரியாதா?

ஜூன் 8, ஞாயிறு

75. மருந்து கேட்கத் தொடங்கிவிட்டது.

ஜூன் 11, புதன்

60. அம்மை சுடிதார் ஹூக்கை மாட்டிவிட்டாள், தலையும் பின்னிவிட்டாள். அங்கன்வாடியில் நாள் முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு என்னையும் அப்படிப் பார்க்கவே தோன்றுகிறது. நானும் தடுக்கவில்லை. பெற்றவள் ஆசை.

ஜூன் 14, சனி

40. ஆறு மணிக்கு விழிப்பு வந்தது. பல் தேய்க்கும்போது டி.வி.யில் எட்டுமணிச் செய்தி. இடையில் சும்மாதான் படுத்திருந்தேன். சோம்பேறித்தனத்துக்கு மாத்திரை கிடையாது.

ஜூன் 16, திங்கள்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி. டாக்டர் விரல், மணிக்கட்டு, முழங்கால் என்று இருபத்தெட்டு மூட்டையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார்.

“வலிக்குதா?”

“இல்ல டாக்டர்.”

“முகத்தை ஏன் சுளிக்கிற?”

“ஒங்க மோதிரம் குத்துது.”

அவர் மோதிரமே போட்டிருக்கவில்லை என்பதை வெளியே வந்தபிறகுதான் யோசித்தேன்.

ரத்தம் எடுத்தார்கள். நயினார் சார் டப்பாவில் மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினார், நோட்டைப் புரட்டினார். “கையெழுத்து முத்து முத்தா இருக்கே. பரீட்சையில இதுக்கே மார்க் போட்டிருப்பாவளே” என்றார். பரீட்சையில் மூன்றாம் பக்கத்தோடு எழுந்து வந்துவிட்டேன் என்று இவரிடம் ஏன் சொல்ல வேண்டும்? ஹாலில் ஃபேன் ஓடவில்லை. அவ்வளவுதான்.

டெய்சி அக்கா பெஞ்சில் சோர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“ஒனக்கு எவ்வளவுட்டி?”

“முப்பது நிமிஷந்தான்க்கா.”

“முப்பதா! எனக்கு அதே ரெண்டு மணி நேரம். போச்சு. ஒனக்குத்தான் நெசம். எனக்கு மாவத் தந்துட்டானுவ.”

அவள் முகத்தைப் பார்த்தபோது முப்பதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்று பட்டது. சொன்னது சொன்னதுதான்.

ஜூன் 21, சனி

25. பார்லருக்கு வரச்சொல்லி டெய்சி அக்கா போன் செய்தாள். போனேன். சின்ன அறை, பெரிய கண்ணாடி, சுழல் நாற்காலி இரண்டு. ஒன்றில் நான் முழுச் சுற்றுச் சுற்றினேன்.

காலேஜ் பெண் ஒருத்தி புருவம் எடுக்க வந்தாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை விரல்களில் முறுக்கி, விரித்துக் குறுக்கி இழுக்க வேண்டும். அக்கா நூலைக் கடித்தாள், முறுக்கினாள். விரல் விரியவில்லை. மூன்று தடவை பார்த்தாள்.

“கரண்டு இல்லம்மா, சாயங்காலமா வாயேன்” என்றாள்.

அந்தப் பெண் தலைக்கு மேலே ஓடும் ஃபேனை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனாள். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரிப்பு நின்றபிறகு அக்கா சொன்னாள், வைகாசியில் மட்டும் நாலு கல்யாணப் பொண்ணு அலங்காரம் கைவிட்டுப் போனதாம். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஒன்றே ஒன்று ஒத்துக்கொண்டிருக்கிறாள். பேங்க் மேனேஜர் வீட்டுப் பொண்ணு. “அதும் போச்சுன்னா போர்டக் கழட்டிர வேண்டியதுதான்.”

எனக்கு யோசிக்கிற பழக்கம் கிடையாது. வாய் முந்திவிட்டது.

“எனக்குத்தான் நெசம்னா, ஆளுக்குப் பாதி எடுப்பம்க்கா.”

“என்னது?”

“ஒங்க மாத்திரையில பாதி நான். என்னதுல பாதி நீங்க. எண்ணிக்க கொறையாது, நயினார் சாருக்குத் தெரியவே தெரியாது.”

“தப்பு இல்லையாட்டி?”

“கோயில்ல தேங்கா ஒடச்சா பாதி குடுக்கதில்லையா?”

“நான் சர்ச்சுக்குப் போறவ.”

“அங்க அப்பத்தப் பிட்டுத்தான தாராவ?”

அக்கா பார்லர் பிளேடை டெட்டாலில் முக்கித் துடைத்தாள். கையில் அழுத்தம் போதவில்லை. பிளேடை அவள் பிடிக்க, மேலே நான் பவுடர் டப்பாவால் தட்ட, ஒவ்வொன்றாகப் பிளந்தோம். இரண்டு மாத்திரை பறந்து போய் அலமாரிக்கு அடியில் விழுந்தது. தேடி எடுத்து ஊதிக்கொண்டோம். இனி சனிக்கிழமைதோறும் வெட்டு.

ஜூன் 22, ஞாயிறு

20. பாதி அவளுடையது, பாதி என்னுடையது. மூன்று துண்டாக உடைந்திருந்தது, விழுங்கிவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

15. மருத்துவமனைப் படியில் அக்கா என்னை இடித்துக் கிசுகிசுத்தாள்: “ரெண்டு மணி நேரம் ஒண்ணரை ஆயிருக்குட்டி!” டாக்டர் என் நோட்டைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த எலும்புக்கூடு படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன்.

ஜூலை 5, சனி

15. வெட்டு நாள். பார்லருக்கு வருகிறவர்களிடம் அக்கா என்னை அசிஸ்டெண்ட் என்று சொல்லிவிட்டாள். பவுடர் டப்பாவால் தட்டுவதற்கு இப்படி ஒரு பதவி.

ஜூலை 12, சனி

15. அக்கா நூலைப் பல்லில் கடித்தாள். முறுக்கினாள். விரல் விரிந்தது. டீச்சர் ஒருத்தியின் புருவம், இரண்டும், ஐந்தே நிமிடத்தில். டீச்சர் போனதும் கதவைச் சாத்திவிட்டு அக்கா என் கன்னத்தைப் பிடித்து ஒரு முத்தம் வைத்தாள்.

“நீ மட்டும் இல்லன்னா! ஒன் பாதி மாத்திரையிலதாட்டி என் கையி நிக்கி!”

பஸ்ஸில் வரும்போது கன்னத்தைத் துடைத்துக்கொண்டே வந்தேன். லிப்ஸ்டிக் கறை போகவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். காலையில் ஹூக்கை நானே மாட்டிவிட்டேன்! அம்மை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. மணியைப் பார்த்தேன், இறுக்கம் விட்டது உண்மையிலேயே ஐம்பத்தைந்து நிமிடத்தில். ஐம்பத்தைந்து!

கட்டத்தில் போட்டது: 15.

ஜூலை 19, சனி

‘உண்மையிலேயே’ என்று எழுதிவிட்டேன். அடித்தால் இன்னும் அசிங்கம். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

ஜூன் 8ஆம் தேதி எழுபத்தைந்து கிடையாது, தொண்ணூறு. ஜூன் 16ஆம் தேதி முப்பது கிடையாது, தொண்ணூற்றைந்து. எல்லாம் நான் போட்ட எண்கள். நிஜ மருந்து எனக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும் என்று ஆசை. கட்டத்தில் சின்ன எண்ணாக எழுதினால் கையும் அதைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளும் என்று ஒரு கோட்டித்தனம். இப்போது வந்த வினையைப் பார். நிஜமாகவே குறைந்திருக்கிறது, எழுத இடமில்லை. நான்தான் மூன்று வாரம் முன்பே பதினைந்தில் போய் உட்கார்ந்துவிட்டேனே. ஐம்பத்தைந்து என்று இன்றைக்கு எழுதினால், நோட்டைப் பார்க்கிறவர்கள் எனக்கு நோய் முற்றிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

15 (60). அடைப்புக்குறி இந்த நோட்டுக்கு மட்டும்.

இன்னொன்று இப்போதுதான் உறைக்கிறது. மெதுவான மண்டை. டெய்சி அக்கா தன் பாதியைத் தந்தது என் முப்பதை நம்பி. அந்த முப்பது பொய். அப்படியானால் நிஜ மருந்து அவளுடைய டப்பாவில் இருந்து, மெதுவாக வேலை செய்ய ஆரம்பித்த நேரத்தில் நான் பாதியைப் பிடுங்கித் தின்றிருந்தால்? அவளுக்குக் கொடுத்ததெல்லாம் மாவாக இருந்தால்? முழுசாகச் சாப்பிட்டிருந்தால் இந்நேரம் அவள் கை இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆவணிக்கு இன்னும் நாலு வாரம்கூட இல்லை.

சாப்பாடு இறங்கவில்லை. ரசம் மட்டும். இரண்டு டம்ளர்.

ஜூலை 26, சனி

பார்லருக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். போனால், “புருவமாட்டி இது, வேலிக்காத்தான் முள்ளுல்லா! ஒக்காரு” என்று நாற்காலியில் தள்ளிவிட்டாள். வாயில் நூல், கண் என் நெற்றியில். வலது புருவம் முடிந்தது. கண்ணில் தண்ணீர். புருவம் எடுத்தால் தண்ணீர் வரும், எல்லோருக்கும் வரும்.

“அக்கா, அந்த முப்பது பொய்.”

“எந்த முப்பது?”

“நிமிஷம். எனக்குக் கொறையவே இல்ல. நானா எழுதிக்கிட்டேன். எனக்குத்தான் மாவுன்னு தோணுது. ஒங்க பாதிய வாங்கித் தின்னுட்டேன்.”

நூல் அவள் பல்லிலிருந்து விழுந்தது. கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தோம். அவள் கண்ணாடியில் இருந்த என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏன்ட்டி?”

“நெசமா இருக்கணும்னு இருந்துச்சு” என்றேன்.

“ஒனக்கு இருந்துச்சு. எனக்கு இல்லையாக்கும்? ஒன்னய நம்பில்லா கையில இருந்ததத் தூக்கிக் குடுத்தேன்! எந்தி.”

“அக்கா, திங்கக்கெழம டாக்டர்ட்ட சொல்லிருதேன்.”

“சொல்லு. ரெண்டு பேரையும் தூக்கிக் கடாசட்டும். எந்திட்டி மொதல்ல!”

எழுந்தேன். நூலைக் குப்பையில் போட்டாள். வெட்டாத மாத்திரையோடு கிளம்பினேன். பஸ்ஸில் எதிர் சீட்டுக் குழந்தை என்னையே உற்றுப் பார்த்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தபோதுதான் தெரிந்தது. வலது புருவம் வில். இடது புருவம் வேலிக்காத்தான்.

ஜூலை 27, ஞாயிறு

15 என்று எழுத விரல் போய், நின்று, 60 என்று எழுதியது.

அம்மை: “ஒரு பக்கம் ஆச்சரியப்பட்ட மாதிரியே இருக்கட்டி.”

மூன்று தடவை போன் செய்தேன். அக்கா எடுக்கவில்லை. ஞாயிறு மாத்திரை போட்டாயா என்று ஒருத்திக்கு ஒருத்தி கேட்டுக்கொள்வது வழக்கம். சாயங்காலம் ஒரு மெசேஜ் வந்தது: ‘ஞாயிறு மாத்திர?’ அவ்வளவுதான். ‘போட்டாச்சு’ என்று அனுப்பினேன். பதில் இல்லை. ஆனாலும் சாப்பிட்டேன், தோசை ஐந்து.

ஜூலை 28, திங்கள்

எனக்கு முன்பே பெஞ்சில் இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். நகர்ந்தாள். நானும் நகர்ந்தேன். பெஞ்சு முடிந்துவிட்டது.

என் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன். சிரிப்பு.

“இந்த மூஞ்சியோடயா பஸ்ஸுல வந்த?”

“மறைக்க முடியாதுல்லா.”

“திரும்பு இங்கிட்டு.” கைப்பையிலிருந்து நூல்கண்டை எடுத்தாள். “டாக்டர்ட்ட உண்மையச் சொல்லப் போறவ ஒழுங்கான மூஞ்சியோட போகணும்.” ஆஸ்பத்திரி வராந்தாவில், முப்பது பேர் பார்க்க, இடது புருவம் முடிந்தது. தேவைக்கு மேல் இழுத்து இழுத்து எடுத்தாள். அதுதான் தண்டனை போலிருக்கிறது. வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டேன்.

பிறகு இரண்டு பேருமாக உள்ளே போனோம். நான் சொன்னேன், எல்லாம். எண்கள், பிளேடு, பவுடர் டப்பா, அலமாரிக்கு அடியில் போனது உட்பட. நயினார் சார் தலையில் கைவைத்துக்கொண்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“பொய் எண் எழுதினது எனக்கு ரெண்டாவது தடவையே சந்தேகம்தான். நீ பதினஞ்சுங்கிற, ரத்தத்துல வீக்கம் அப்படியே நிக்குது. அமுக்கினா துள்ளுற. அதுக்குத்தான் நாங்க நோட்டை மட்டும் நம்புறதில்ல. ஆனா மாத்திரைய வெட்டி மாத்துறது... இப்படி ஒண்ணு எனக்குத் தோணவே இல்லியே! உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா எந்த மாத்திரைனு தேடுவேன் நான்?”

“நான்தான் சொன்னேன் டாக்டர். அக்காவ விட்ருங்க.”

“நானும்தான் டாக்டர் வெட்டுனேன்” என்றாள் அக்கா. “இவளுக்கு வெட்டக்கூடத் தெரியாது. தட்டத்தான் தெரியும்.”

டாக்டர் சிரிக்கவில்லை. “இங்க அறுபது பேர். மாவு சாப்பிடுறவ உள்ளதை உள்ளபடி எழுதினாத்தான் மருந்து சாப்பிடுறவளோட எண்ணுக்கு மதிப்பு. நீ மாவைத் தின்னுட்டு பதினஞ்சுன்னு எழுதினா, மருந்தும் மாவும் ஒண்ணுன்னு ஆயிடும். நல்ல மருந்தா இருந்தாலும் தோத்துப் போகும். அப்புறம் அதை யாரும் சீந்த மாட்டாங்க. ஊசி வாங்க முடியாத எத்தனை பேருக்கு அது போச்சு, தெரியுமா?”

எனக்கு இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. என் கட்டம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

யார் யாருக்கோ போன் போட்டார். ஒன்றரை மணி நேரம் வெளியே காத்திருந்தோம். அக்கா முறுக்கு வாங்கினாள், இருவரும் உடைக்க முடியாமல் அப்படியே கடித்தோம். தீர்ப்பு: வெட்டிச் சாப்பிட்ட ஐந்து வாரம் தனியாகக் குறிக்கப்படும். முக்கியமான கணக்கில் எங்கள் இருவரையும் எப்படி வைப்பது என்பதை மேலே உள்ளவர்கள் முடிவு செய்வார்கள். மீதி நாலு வாரம் அவரவர் டப்பா, முழு மாத்திரை, முழு உண்மை. அதையும் தனியாகப் பார்ப்பார்களாம். எல்லாம் முடிந்து மருந்து கேட்கிறது என்று தெரிந்தால், மாவு சாப்பிட்டவர்களுக்கும் அப்போது நிஜ மருந்து.

வெளியே வரும்போது நயினார் சார் சொன்னார்: “மாங்காயாக்கும்னு கேட்டியே அன்னைக்கே சந்தேகப்பட்டிருக்கணும் நான்.”

ஜூலை 31, வியாழன்

60. நிஜம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

65. நிஜம். மழை ஈரமாகவும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 9, சனி

75. பார்லரில் இப்போது வெட்டு இல்லை. ஆனாலும் போகிறேன். அக்காவின் கட்டத்தில் நாற்பது. ஒளித்து ஒளித்து எழுதுகிறாள், நான் எட்டிப் பார்த்துவிட்டேன். “ரெண்டு பேர வச்சு ஒண்ணும் முடிவு கட்டக்கூடாதுன்னு நயினார் சார் சொல்லிருக்காவ” என்று அவசரமாக நோட்டை மூடினாள்.

முடிவு கட்டவில்லை. எண்ணத்தான் செய்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

85. அம்மைதான் ஹூக் மாட்டினாள். “போன மாசம் நீயே மாட்டினியேட்டி” என்றாள். மாட்டினேன்தான். இன்றைக்கு முடியவில்லை. பாலிடெக்னிக் பரீட்சையில் மூன்றாம் பக்கத்துக்கு மேல் ஏன் எழுதவில்லை என்பதையும் கையோடு சொல்லிவிட்டேன். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அம்மை கடைசி ஹூக்கை மாட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

90. ஆவணி பிறந்துவிட்டது. எனக்கு மறுபடி ஜூன் பிறந்துவிட்டது. புதன்கிழமை மேனேஜர் வீட்டுக் கல்யாணம். “அசிஸ்டெண்ட் வரணும்” என்று உத்தரவு.

ஆகஸ்ட் 20, புதன்

விடிவதற்கு முன்பே அக்காவின் அக்காள் மகன் ஆட்டோவில் வந்து ஏற்றிக்கொண்டான். மண்டபத்தில் மணப்பெண் அறை. அந்த நேரத்தில் என் விரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம், பத்தும் பத்து முருங்கைக்காய். ஊசி எடுத்துக் கொடுக்கச் சொன்னாள், டப்பாவே விழுந்தது. பூ எடுக்கச் சொன்னாள், பூவும் விழுந்தது. கடைசியில் கண்ணாடியை இரண்டு முழங்கைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தூண் மாதிரி நின்றேன். “அசிஸ்டெண்ட் நல்லா புடிக்கா” என்றாள் மணப்பெண்.

ஆனால் அக்காவின் கையைப் பார்த்திருக்க வேண்டும். ஜடையில் பூத் தைத்தது, நெற்றிச்சுட்டியை நூலளவு நகர்த்தி வைத்தது, கண்ணுக்கு மை இழுத்தது. ஒரு நடுக்கம் இல்லை. பெண்ணின் அம்மா உள்ளே வந்தவள் மகளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த முகூர்த்தத்துக்கு நாத்தனார் மகள், அதற்கடுத்து யாரோ சித்தி மகள். அங்கேயே இரண்டு ஒத்துக்கொண்டாள்.

மேளச் சத்தம் கேட்டதும் அறை காலியானது. அக்கா கதவைச் சாத்தினாள். கைப்பையிலிருந்து தன் மாத்திரை டப்பாவை எடுத்தாள். இன்னொரு கையில் புதுப் பிளேடு.

“பாதி எடுத்துக்கட்டி.”

“அக்கா.”

“யாரும் பாக்கல. எனக்கு இப்பம் பாதியே போதும். நீ கண்ணாடிய முழங்கையால புடிச்சிட்டு நிக்க, எனக்கு அங்க மை இழுக்கவே மனசு வரல. மாவு ஒனக்குத்தான், அது தெரிஞ்சுபோச்சு. இன்னும் நாலு நாளுதான இருக்கு?”

மாத்திரை மேசை மேல் இருந்தது. பக்கத்தில் சந்தனக் கிண்ணம். ஆசையாக இல்லை என்று எழுதினால் அது ஜூன் மாதத்து எண் மாதிரி ஆகிவிடும். ஆசையாக இருந்தது. ஜூலை 17 மாதிரி இன்னொரு காலை வேண்டும் போலிருந்தது.

“நீங்க முழுசா முழுங்குங்க.”

“கோட்டி! ஒனக்கு வலிக்கில்லா?”

“வலிக்கி. அத எழுதணும்லா. நான் வலிக்குன்னு எழுதுனாத்தான் ஒங்க மாத்திர செயிக்கும். செயிச்சா எனக்கும் வரும்.”

அவள் பிளேடைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இந்த வயசுக்கு எவ்வளவு வாயிட்டி ஒனக்கு” என்றாள். டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கி நீட்டினேன். மாத்திரையை முழுசாகப் போட்டு விழுங்கி, நான் நம்புவதற்காக வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். லிப்ஸ்டிக் பல்லில் ஒட்டியிருந்தது. சொன்னேன். அடித்தாள்.

இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தோம். அவியல் பிரமாதம். பருப்புப் பாயசம் இரண்டு தடவை. சோற்றை என்னால் சரியாகப் பிசைய முடியவில்லை. பரிமாறுகிறவரிடம் அக்கா, “அந்தப் பிள்ளைக்கு ஸ்பூன் குடுங்க அண்ணாச்சி” என்றாள், சத்தமாக, பந்தி முழுக்கக் கேட்கும்படி. கொண்டுவந்து கொடுத்தார். வெட்கப்படாமல் சாப்பிட்டேன்.

கட்டத்தில் போட்டது: 110.